பிள்ளைக்குப் பொஸ்ஸால் தொல்லை: பெற்றோர் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

ஒரு தலைமுறைக்கு முன்னர் எமது குடும்பங்கள் பலவற்றில் மேலதிகாரி என்று ஒருவர் இருக்கவில்லை. வாப்பாவின் கடையில் மகன் நின்றான். மாமாவின் கடையில் மருமகன் நின்றான். ஏச்சு வாங்கினாலும் அது சொந்தக்காரரின் ஏச்சு. பகலில் ஏசியவரோடுதான் இரவில் ஒரே வீட்டில் சாப்பிட்டோம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. கணக்கியல் படித்த மகன் கொழும்பில் ஒரு கம்பனியில் இருக்கின்றான். மகள் வங்கியிலோ மென்பொருள் நிறுவனமொன்றிலோ பணிபுரிகின்றாள். மாதச் சம்பளம், நியமனக் கடிதம், மெனேஜர், டார்கட் என்பவையெல்லாம் அவர்களுடைய உலகம். கடை நடத்தத் தெரிந்த எமக்கு அந்த உலகத்தின் நடைமுறை சரியாகத் தெரியாது. ஆகவே பிள்ளை ஒருநாள் வந்து "வாப்பா, அந்த ஒபிஸில் இருக்க ஏலாது" என்று சொன்னால் என்ன செய்வதென்று தடுமாறுகின்றோம். ஒன்றில் "பொறுத்துக்கொள்" என்கிறோம், அல்லது "நாளைக்கே விட்டுவிட்டு வா, எங்கட கடை இருக்குதானே" என்கிறோம். இரண்டுமே அவசரத்தில் சொல்லும் பதில்கள்.

இந்த விடயத்தில் நானும் ஒரு பெரிய தவறைச் செய்தவன். அதனை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

எனது மூத்த மகன் கொழும்பில் இறக்குமதித் துறை சார்ந்த ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். தெஹிவளையில் போடிங். முதல் வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்கு வந்தான். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. வந்தாலும் பேச்சில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். தொலைபேசியில் வட்ஸ்அப் சத்தம் கேட்டால் முகம் மாறிவிடும். உம்மாதான் மெல்லக் கேட்டு விடயத்தை அறிந்தார். அவனுடைய மெனேஜர் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போடுகின்றாராம். இரவு பதினொரு மணிக்கும் மெசேஜ் அனுப்புகின்றாராம். கேட்ட லீவை ஒரு நாள் இருக்கும்போது ரத்துச் செய்கின்றாராம்.

அந்தக் கம்பனியின் பணிப்பாளர் ஒருவர் எனக்கு ஓரளவு பழக்கமானவர். ஒரு வலீமா விருந்தில் அவரைச் சந்தித்தபோது என்னால் வாயை அடக்க முடியவில்லை. "எங்கட மகன் உங்கட இடத்தில்தான் இருக்கிறார், அந்த மெனேஜரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே "பார்ப்போம் ஹாஜியார்" என்றார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு வீடு வந்தேன்.

திங்கட்கிழமை அந்த மெனேஜர் மகனைக் கூப்பிட்டு, "வாப்பாவிடம் சொல்லி என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஒபிஸில் மகனுக்குப் பெயர் "வாப்பாவின் பிள்ளை". கூட்டங்களுக்கு அழைப்பில்லை. சக ஊழியர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். இவையெல்லாம் எனக்கு மூன்று மாதங்களின் பின்னர்தான் தெரியும். ஏனென்றால் அந்த மூன்று மாதமும் மகன் என்னோடு தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் இழந்தது அதுதான். பிள்ளையின் பிரச்சினை தீரவில்லை என்பது ஒருபுறம். அந்தப் பிரச்சினையை எனக்குச் சொல்லலாம் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

பிள்ளையின் மேலதிகாரியோடு பேசலாமா?

பேசக்கூடாது. தொலைபேசியிலும் கூடாது, பள்ளிவாசல் முற்றத்திலும் கூடாது, தெரிந்தவர் மூலமாகவும் கூடாது. தொழில் ஒப்பந்தம் இருப்பது உங்களுடைய பிள்ளைக்கும் கம்பனிக்கும் இடையில். அதில் உங்களுடைய பெயர் இல்லை. இருபத்தைந்து வயதான ஒருவருக்காக வாப்பா வந்து பேசினால், கம்பனி அவரை இருபத்தைந்து வயதானவராகக் கணக்கெடுப்பதை நிறுத்திவிடும். அடுத்த பதவி உயர்வின்போது அது நினைவுக்கு வரும்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. பிள்ளை ஆபத்தான நிலையில் வைத்தியசாலையில் இருந்து, தகவல் சொல்ல வேறு ஆளில்லை என்றால் நீங்கள் அறிவிக்கலாம். அப்போதும் சொல்ல வேண்டியது தகவல் மட்டுமே. முறைப்பாட்டை அதோடு சேர்க்க வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டும்

மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு நோன்புப் பெருநாள் லீவில், கண்டி வரை லொறியில் சாமான் எடுக்கப் போகும்போது மகனையும் கூட்டிப் போனேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் பாதையைப் பார்த்துக்கொண்டு போகும்போது பேச்சு இலகுவாக வருகின்றது. "அன்றைக்கு நான் செய்தது பிழை மகன், உங்களிடம் கேட்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னேன். கடுகண்ணாவை ஏற்றம் ஏறும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

அன்று எனக்கு விளங்கியது, நான் அறிந்திருந்தது பாதி விடயம்தான் என்று. சத்தம் போடுவதையும் இரவு மெசேஜையும் அவன் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தான். அவனைத் தூங்க விடாமல் செய்தது வேறொன்று. கம்பனி வங்கியில் ஓவர்டிராப்ட் வசதி பெற்றிருந்தது. களஞ்சியத்தில் உள்ள சரக்கின் பெறுமதியைக் காட்டி ஸ்டொக் அறிக்கையொன்றை வங்கிக்குக் கொடுக்க வேண்டும். களஞ்சியத்தில் இல்லாத சரக்கையும் சேர்த்துக் காட்டும்படி மெனேஜர் சொல்லியிருக்கிறார். "தயாரித்தவர்" என்ற இடத்தில் மகனைக் கையொப்பமிடச் சொல்லியிருக்கிறார். அவன் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஏச்சுக்குப் பின்னால் இருந்த காரணம் அது.

ஆகவே பெற்றோரின் முதல் வேலை முழுக் கதையையும் கேட்பதாகும். பின்வருவனவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1. இடையில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "நீங்க என்ன பிழை செய்தீங்க?" என்பது முதற் கேள்வியாக இருந்தால் இரண்டாவது பதில் வராது.

2. "எங்கட காலத்தில் நாங்கள் இதைவிடப் பட்டோம்" என்று சொல்ல வேண்டாம். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பிள்ளை கேட்டது அதையல்ல.

3. "நான் என்ன செய்ய வேணும் என்று நினைக்கிறீங்க? கேட்டால் மட்டும் போதுமா, யோசனை சொல்லவா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பெரும்பாலும் கேட்டால் போதும் என்றுதான் பதில் வரும்.

4. கேட்டதை வீட்டுக்கு வெளியே கொண்டு போக வேண்டாம். சாச்சாவிடமும் மச்சானிடமும் சொன்னது ஒரு வாரத்தில் கொழும்புக்குப் போய்விடும். கலியாணப் பேச்சு நடக்கும் பிள்ளையாக இருந்தால் "வேலையில் பிரச்சினையாம்" என்ற கதை வேறு வடிவத்தில் திரும்பி வரும். அந்தப் பயத்தினாலேயே "எப்படியாவது வேலையில் இரு" என்று பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோரும் எமக்குள் இருக்கின்றனர்.

எவ்வகையான மேலதிகாரி?

எல்லாக் கடினமான மேலதிகாரியும் கெட்டவர் அல்லர். பிள்ளை சொல்வதைக் கேட்டபின், இவர் எவ்வகையினர் என்பதைச் சேர்ந்து யோசிக்க வேண்டும். செய்ய வேண்டிய காரியம் அதற்கேற்ப மாறும்.

முதலாவது, கண்டிப்பானவர். வேலையில் பிழை கண்டால் விடமாட்டார். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். பிழையைத்தான் சொல்வார், ஆளின் பிறப்பையோ ஊரையோ சொல்லமாட்டார். இவரிடம் இரண்டு வருடம் இருந்தால் பிள்ளை தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்ளும். பொறுமை சொல்ல வேண்டிய இடம் இது.

இரண்டாவது, தானே நெருக்கடியில் இருப்பவர். மேலிருந்து டார்கட்டும் திட்டும் வருகின்றது, அதைக் கீழே இறக்குகிறார். 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் பல நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்து, மூவரின் வேலையை ஒருவரிடம் கொடுத்தன. இப்படிப்பட்டவரிடம் "இந்த மூன்றில் எதை முதலில் முடிக்க வேணும் சேர்?" என்று காலையிலேயே கேட்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

மூன்றாவது, ஆளை அவமானப்படுத்துபவர். மற்றவர் முன்னிலையில் கேவலமாகப் பேசுதல், செய்த வேலையைத் தனது பெயரில் காட்டுதல், ஜும்ஆவுக்குப் போவதை வைத்து ஒவ்வொரு வெள்ளியும் குத்திக் காட்டுதல் போன்றவை இதில் அடங்கும். இது பொறுமையால் மாறும் குணமல்ல. ஆதாரம் சேர்க்க வேண்டும், வழி தேட வேண்டும்.

நான்காவது, பிழையான காரியத்தில் பிள்ளையைக் கூட்டுச் சேர்ப்பவர். பொய் இன்வொய்ஸ், பொய் ஸ்டொக் அறிக்கை, திகதி மாற்றிய ரசீது முதலியன. இங்கே பொறுமைக்கு இடமே இல்லை. "மெனேஜர் சொன்னார், நான் செய்தேன்" என்பது பின்னர் விசாரணையில் கையொப்பமிட்டவரை முழுமையாகக் காப்பாற்றாது. எனது மகன் இருந்தது இந்த இடத்தில்.

எழுத்தில் வைத்தல்

வியாபாரிகளாகிய எமக்குக் கடன் கொப்பியின் அருமை தெரியும். எழுதாத கடன் வராத கடன். அலுவலகப் பிரச்சினையிலும் அப்படித்தான். ஒரு சிறு கொப்பியில் திகதி, நேரம், என்ன சொல்லப்பட்டது, யார் யார் இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதி வைக்கும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். "எப்போதும் ஏசுவார்" என்ற முறைப்பாட்டுக்கு எந்த மனிதவளப் பிரிவும் அசையாது. இன்ன திகதியில், இன்னார் முன்னிலையில், இன்ன வார்த்தை என்று சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் கம்பனியின் இரகசியக் கோவைகளைத் தனது சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக்கூடாது. அதுவே பிள்ளைக்கு எதிரான குற்றச்சாட்டாக மாறிவிடும்.

வாய்மொழி உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவருவது இன்னொரு நல்ல வழியாகும். மகன் அதைத்தான் செய்தான். இருவரும் யோசித்து, அவனே ஒரு மின்னஞ்சல் எழுதினான். மரியாதையான நான்கு வரிகள். "இம்மாத ஸ்டொக் அறிக்கையில் சேர்க்கும்படி கூறிய சரக்குகள் களஞ்சியக் கணிப்பில் காணப்படவில்லை. அவை எங்கே உள்ளன என்பதை எழுத்தில் தெரிவித்தால் அறிக்கையைப் பூர்த்தி செய்ய முடியும்" என்பது அதன் சாரம். பதில் வரவே இல்லை. அந்த அறிக்கையில் கையொப்பமிடும்படி அவனை மீண்டும் யாரும் கேட்கவுமில்லை. வேறு யார் கையொப்பமிட்டார் என்பது எமக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கின்றது?

பிள்ளையின் நியமனக் கடிதத்தை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? அதனை எடுத்து, தகுதிகாண் காலம் எவ்வளவு, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், பதவியின் பெயர் என்ன என்பவற்றை ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். அத்துடன் பின்வரும் அடிப்படை விடயங்களை அறிந்திருப்பது அவசியம்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. முதல் வருடத்தின் பின்னர் வருடாந்த லீவு 14 நாட்கள், தற்செயல் லீவு 7 நாட்கள். "எக்செக்யூட்டிவ்" என்று பதவிப் பெயரைக் கொடுத்துவிட்டு மேலதிக நேரக் கொடுப்பனவைத் தவிர்க்கும் நிறுவனங்கள் உண்டு. எனவேதான் கடிதத்தை வாசிக்க வேண்டும் என்கிறேன்.

15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாட்களாவது தொடர்ந்து வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நினைத்தபடி நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணமென்றால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நியாயமின்றி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சட்டத்தில் காலக்கெடு உண்டு, அதுவும் சில மாதங்களே. "பார்ப்போம், பார்ப்போம்" என்று நாட்களைக் கடத்தினால் கதவு மூடிவிடும். சம்பளம், லீவு, சேமலாப நிதி பற்றிய முறைப்பாடுகளை நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திலோ பிரதேச தொழில் அலுவலகங்களிலோ கொடுக்கலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுத்த நாள் போகாமல் இருப்பதுதான் பிள்ளை செய்யக்கூடிய மிக நட்டமான காரியம். அறிவிக்காமல் வேலைக்குப் போகாவிட்டால் தானாகவே பதவியை விட்டு விலகியதாகக் கம்பனி வாதிடும். துன்புறுத்தி விலகச் செய்ததும் நிறுத்தியதற்குச் சமம் என்ற வாதத்தை எமது சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் அதனை நிரூபிக்கும் பாரம் விலகியவர் மீதுதான். கொப்பி இல்லாதவருக்கு அது மிகக் கடினம்.

விலகுவதா? முதலில் கணக்குப் போடுவோம்

ஒரு பிள்ளையின் மாதச் சம்பளம் 80,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 8 வீதம், அதாவது 6,400 ரூபா. முதலாளியின் பங்கு 12 வீதம், 9,600 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம், 2,400 ரூபா செலுத்த வேண்டும். ஆக மாதம் 18,400 ரூபா பிள்ளையின் பெயரில் சேர்கின்றது. வேலை இல்லாத ஒவ்வொரு மாதத்திலும் சம்பளத்தோடு இதுவும் நின்றுவிடும்.

பணிக்கொடையையும் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்கும். 80,000 ரூபாவுக்கு 5 வருடக் கணக்கு 200,000 ரூபா. நான்கு வருடமும் எட்டு மாதமும் முடித்தவர் கோபத்தில் இன்று விலகினால், நான்கு மாதத்தில் அந்த இரண்டு இலட்சத்தை விட்டுவிட்டுப் போகிறார். தாங்கக்கூடிய தொல்லை என்றால் நான்கு மாதம் பொறுக்கலாம். தாங்க முடியாதது என்றால் இரண்டு இலட்சம் போனால் போகட்டும். ஆனால் முடிவு எடுக்கும்போது அந்தத் தொகை தெரிந்திருக்க வேண்டும்.

எமது பங்கு இங்கேதான் வருகின்றது. மேலதிகாரியோடு பேச முடியாத பெற்றோருக்கு இதைச் செய்ய முடியும். மகனிடம் நான் சொன்னது இதுதான்: "விலகுவதும் இருப்பதும் உங்கட முடிவு. விலகினால் ஆறு மாதத்துக்குப் போடிங் கூலியும் சாப்பாடும் என்ட பொறுப்பு. அதற்குள் அவசரப்பட்டு எந்த வேலையையும் பிடிக்க வேணாம்." அந்தப் பணத்தில் ஒரு ரூபாவையும் அவன் எடுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து தூங்கினான் என்று உம்மா சொன்னார். போக ஓர் இடம் இருக்கின்றது என்று தெரிந்தவர் பயத்தில் தவறான காகிதத்தில் கையொப்பமிடமாட்டார்.

"கட்டாருக்குப் போகிறேன், துபாய்க்குப் போகிறேன்" என்று பிள்ளை புறப்பட்டால் நிதானமாகப் பேசுங்கள். நல்ல வேலை, தெளிவான ஒப்பந்தம் என்றால் போகலாம். ஆனால் ஒரு பொஸ்ஸிடமிருந்து தப்புவதற்காக மட்டும் போகக்கூடாது. வளைகுடாவில் தங்கும் அனுமதியே பெரும்பாலும் தொழில் கொடுப்பவரோடு பிணைந்தது. அங்கே ஒரு கடினமான மேலதிகாரி அமைந்தால் மாலையில் திரும்பி வர வீடு பக்கத்தில் இல்லை.

மகளாக இருந்தால்

மகள்மார் விடயத்தில் எமது சமூகம் இன்னும் அவசரப்படுகின்றது. முறைப்பாடு வந்ததும் "வேலை வேணாம், வீட்டில் இருங்க" என்கிறோம். இதனால் நடப்பது என்னவென்றால், அடுத்த முறை எதுவும் சொல்லாமல் இருந்துவிடுகின்றார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மேலதிகாரி பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுத்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் வார்த்தையால் கொடுக்கும் தொல்லையும், வேலைத்தளத்தில் அதிகாரத்தில் உள்ளவர் கொடுக்கும் தொல்லையும் இதில் அடங்கும். 5 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இங்கே "பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைத்தால் அடுத்து அந்தக் கதிரையில் உட்காரப்போவது இன்னொருவரின் மகள். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவை உள்ளது. முறைப்பாடு செய்வதா இல்லையா என்ற முடிவை மகளே எடுக்கட்டும். அவள் பக்கத்தில் வாப்பாவும் உம்மாவும் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

உடலில் தெரியும் அறிகுறிகள்

ஞாயிறு மாலை வந்தால் வயிற்று வலி, தூக்கமின்மை, தொழுகையிலும் நண்பர்களிலும் இருந்த ஈடுபாடு குறைதல், சிறு விடயத்துக்கும் எரிந்து விழுதல் ஆகியன வாரக் கணக்கில் தொடர்ந்தால் அலட்சியம் செய்ய வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள். "இருந்து என்ன பயன்" என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே கவனிக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். எந்தச் சம்பளமும் பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல. அந்த நிலையில் மேலே போட்ட கணக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

எமது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில்

மகனுடைய கதையைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் கடைக்குப் போனேன். பெருநாளுக்குப் பிந்திய நாட்கள், கூட்டமில்லை. சாமான் அடுக்கும் பையன் ஒரு பெயின்ட் டின்னைக் கீழே போட்டுவிட்டான். வழமைபோல் வாயைத் திறந்தேன். இரண்டு வாடிக்கையாளர் நின்றார்கள். அவனுடைய முகத்தைப் பார்த்தேன். வட்ஸ்அப் சத்தம் கேட்டதும் என் மகனின் முகம் மாறுமே, அதே முகம்.

அவன் கிழக்கிலிருந்து வந்தவன். அவனுக்கும் ஒரு வாப்பா இருக்கிறார். அவர் மீன்பிடிக்குப் போகிறவர். எந்த வலீமாவிலும் என்னைச் சந்தித்து "பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அன்றிரவு அவனுடைய விபரங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடமும் நான்கு மாதமும் என்னிடம் வேலை செய்திருக்கிறான். நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி ஒரு சதமும் கட்டவில்லை. "சின்னக் கடைதானே" என்பது எனது சாக்கு. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. மகனுடைய கம்பனியின் பிழைகளை விரல் விட்டு எண்ணிய எனக்கு எனது பிழையை எண்ணுவதற்கு ஒரு பெயின்ட் டின் விழ வேண்டியிருந்தது.

நிலுவையைக் கட்டினேன். பிந்திக் கட்டினால் நாள் செல்லச் செல்ல மேலதிகக் கட்டணம் ஏறும், 50 வீதம் வரை போகும். அவனுடைய 8 வீதத்தையும் நானே கட்டினேன். அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஏச்சு முழுதாக நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். வாடிக்கையாளர் முன்னால் ஏசுவதை நிறுத்தியிருக்கிறேன். இதை எழுதும் நாள் வரை அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன்.

மகன் அந்தக் கம்பனியில் மேலும் மூன்று மாதம் இருந்தான். வேறொரு நிறுவனத்தில் இடம் கிடைத்த பிறகு, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, சேவைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முறையாக விலகினான். புதிய இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைவு. அங்கேயும் மேலதிகாரி கண்டிப்பானவர்தானாம். "ஆனால் வாப்பா, அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஏசுவார்" என்றான். இப்போது சனிக்கிழமைகளில் வருகிறான்.

அன்பான வாசகர்களே, வளர்ந்த பிள்ளைக்கு வேலைத்தளத்தில் கஷ்டம் வந்தால் நாம் செய்யக்கூடியவை சில காரியங்கள்தான். முழுதாகக் கேட்பது, கேட்டதை வெளியே விடாதிருப்பது, சட்டத்தையும் கணக்கையும் சேர்ந்து பார்ப்பது, சில மாதங்களுக்கான செலவைத் தாங்கிக்கொள்வது, முடிவைப் பிள்ளையிடம் விடுவது. இவற்றோடு நாளைக் காலை கடையைத் திறக்கும்போது, எமது கடையில் நிற்கும் பிள்ளைகளின் சேமலாப நிதிக் கணக்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.